மலிவு விலை ஐஸ் பெட்டி, கொளுத்தும் வெயில், மூன்று நாள் முகாம்: எங்கள் அனுபவங்கள்

போன கோடையில் ஆற்றோரம் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கினோம். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து நான்கு பேர். கையில் இருந்தது 45 லிட்டர் ஐஸ் பெட்டி, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. '3 நாள் ஐஸ் நிற்கும்' என்று அதன் மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை 8 கிலோ ஐஸ்கட்டி வாங்கிக் கொட்டினேன். சனிக்கிழமை மதியம் மூடியைத் திறந்தால் பால் பாக்கெட்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன. நகத்தளவு ஐஸ்கூட மிச்சமில்லை. தண்ணீருக்குள் கையை விட்டால் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. சாயங்காலம் சின்னவனுக்குக் காய்ச்சிய பால் அடுப்பிலேயே திரிந்துபோனது. பசியோடு அழுத பிள்ளையைத் தூங்கவைக்க அன்று நாங்கள் பட்டபாடு இன்னும் மறக்கவில்லை.

முதலில் கோபமெல்லாம் பெட்டி மேல்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் என் பங்கு எவ்வளவு என்று தெரிந்தது. 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர அதிலிருந்து 147 கிலோஜூல் வெளியேற வேண்டும். அப்படியென்றால் வெயிலில் கிடந்த ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் சுமார் 440 கிராம் ஐஸைத் தின்றுவிடும். நான் உள்ளே வைத்தவை 12 அரை லிட்டர் பாட்டில்கள், எல்லாமே சூடு. பெட்டியும் முந்தின நாள் முழுக்கக் கார் டிக்கியில் வெந்து கிடந்தது. பாட்டில்களையும் பெட்டியையும் குளிர்விக்கவே 3 கிலோ ஐஸ் போயிருக்கும். வெளிவெயிலை எதிர்த்து நிற்க மிஞ்சியது 5 கிலோதான். அந்தத் தாளில் போட்டிருந்த 3 நாள் கணக்கும், பெரும்பாலும் பெட்டி நிறைய ஐஸை அடைத்துத் திறக்காமலே வைத்துப் பார்க்கும் கணக்கு. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறக்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம், அதே பெட்டியோடுதான். குறைந்த விலைப் பெட்டி வைத்திருப்பவர்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது உதவியது, எது கெடுத்தது என்று எழுதுங்கள்.

*

உங்கள் பெட்டியின் மூடியை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். என் பெட்டியில் பக்கச் சுவரைத் தட்டினால் 'தொப்'பென்று அடைத்த சத்தம், மூடியைத் தட்டினால் காலி டின்னைப் போல 'டங்'. உள்ளே நுரை அடைக்கவே இல்லை, இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே வெறும் காற்று. விலையைக் குறைக்க முதலில் கைவைப்பது மூடியில்தான் போலும்.

ஸ்பிரே நுரை டப்பா வாங்கி, மூடியின் அடிப்பக்கம் மூன்று துளை போட்டு, ஒரே மூச்சில் முழு டப்பாவையும் உள்ளே அடித்தேன். அரை மணி நேரத்தில் மூடி வயிறு ஊதியதுபோல் வளைந்துவிட்டது. அப்புறம் எப்படி அமுக்கினாலும் பெட்டியில் பொருந்தவில்லை. இரண்டு வாரம் கழித்து அறுத்துப் பார்த்தால் நடுவில் நுரை இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. இந்த நுரை காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், மூடிய குழிக்குள் மொத்தமாக அடித்தால் உள்பகுதிக்கு ஈரமே போய்ச் சேராது. இதை அந்த டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை.

உடைந்துபோன இன்னொரு பழைய பெட்டியின் மூடி கிடைத்தது, அளவு சரியாக இருந்தது. இந்த முறை ஜன்னல் சட்டங்களுக்கு அடிக்கும், அதிகம் விரியாத நுரையை வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு சின்னத் துளை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நாளில் மூன்று தடவையாக அடித்தேன். முன்பெல்லாம் காலையில் மூடியின் மேல் கை வைத்தால் சில்லென்று இருக்கும், ஓரத்தில் வியர்த்து நீர்த்துளி நிற்கும். குளிர் வெளியே போய்க்கொண்டிருந்ததற்கு அதுதான் அடையாளம். இப்போது மூடி காய்ந்தே இருக்கிறது. அதே அளவு ஐஸ் முன்பைவிட அரை நாள் கூடுதலாக நிற்கிறது.

இன்னொன்று. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடிப் பாருங்கள். எந்த இடுக்கில் வெளிச்சம் கசிகிறதோ அங்கேதான் குளிரும் போகிறது. கதவு இடுக்கில் ஒட்டும் நுரை நாடாவை அங்கே ஒட்டினால் போதும்.

*

நான் தெர்மாகோல் பெட்டிக்காரன். அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் காற்றுதான், தூக்கினால் கனமே தெரியாது. சுவர் 3 சென்டிமீட்டர். ஐஸ் நிற்பதில் நண்பரின் பிளாஸ்டிக் பெட்டிக்கு இது கொஞ்சமும் குறையவில்லை, இரண்டையும் ஒரே மரத்தடியில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டேன். அடுப்புக்குப் பெட்ரோல் ஊற்றும்போது நாலைந்து சொட்டு பெட்டியின் விளிம்பில் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் குழைந்து உள்வாங்கி, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரையும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். துணியைச் சுருட்டி அடைத்து ஒப்பேற்றினோம். தெர்மாகோல் பெட்டி வைத்திருந்தால் அடுப்பையும் எரிபொருளையும் தூரத்தில் வையுங்கள்.

*

எங்கள் வீட்டில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று குடிக்கும் தண்ணீருக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு. தண்ணீர்ப் பெட்டியைப் பிள்ளைகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கலாம். சாப்பாட்டுப் பெட்டி ஒரு நாளைக்கு மூன்றே தடவை. இதைத் தவிர எதையும் மாற்றவில்லை, அதிலேயே ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

*

அப்பாவை முகாமுக்கு அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அப்பா இன்சுலின் போடுகிறார். ஐஸ் உருகிவிடுமோ என்ற பயத்தில், ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்த பாட்டில்களுக்கு நடுவே இன்சுலின் குப்பியைச் செருகிவைத்தேன். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த பாட்டில் மைனஸ் 18 டிகிரி வரை இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் குப்பிக்குள் ஊசி ஊசியாகப் படிகம். உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். அன்றைக்கே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு திரும்பினோம். காரில் அப்பா எதுவும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இப்போது குப்பியை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, கனமான துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஐஸ் தொடாதபடி மேல்தட்டில் வைக்கிறேன். பக்கத்திலேயே ஒரு சின்ன வெப்பமானியும் இருக்கும். போன முறை 5க்கும் 7க்கும் நடுவிலேயே நின்றது.

சாப்பாட்டுக்கும் அந்த வெப்பமானி உதவும். ஐஸ் மிதப்பதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம், மேலே அடுக்கிய கறியோ பாலோ 5 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். கெட்டுப்போகும் உணவைக் குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

*

உருகிய தண்ணீரை வடிப்பதா வேண்டாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். நான் வடிக்காத கட்சி. அந்தத் தண்ணீரும் கிட்டத்தட்ட 0 டிகிரிதான், பாட்டில்களைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நிற்கிறது. வடித்தால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து சூடான காற்றுதான் வரும். பச்சை இறைச்சி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. பொட்டலம் கசிந்தால் தண்ணீர் முழுக்கக் கெட்டுவிடும், அப்போது யோசிக்காமல் வடித்துக் கொட்டிவிடுவேன்.

நிழலைப் பற்றி யாரும் எழுதவில்லை. காலையில் பெட்டியை மரநிழலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனோம். திரும்பி வந்தபோது நிழல் நகர்ந்து, பெட்டி நடு வெயிலில் இருந்தது. உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். பெட்டி மூடியின் அளவுக்குக் கணக்குப் போட்டால் 200 வாட், இரண்டு பழைய குண்டு பல்புகளை அதன் மேல் எரியவிட்டதற்குச் சமம். அதிலிருந்து மதியம் நிழல் எங்கே விழும் என்று பார்த்துத்தான் பெட்டியை வைக்கிறேன். சுடுமணலில் நேராக வைக்காமல் அடியில் இரண்டு கட்டை. மேலே வெள்ளைத் துண்டை நனைத்துப் போட்டு, காய்ந்தால் மறுபடி நனைப்பேன். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2400 கிலோஜூல் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்டு வீசும் இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் செய்து பார்த்தேன், துண்டு காயவே இல்லை, பயனும் இல்லை.

*

முதலில் எழுதியவன்தான். போய்விட்டு வந்துவிட்டோம், நீங்கள் எல்லாரும் சொன்னதில் முடிந்ததையெல்லாம் செய்தேன்.

முந்தின இரவே பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, உறைந்த பாட்டில் இரண்டைப் போட்டு மூடிவைத்தேன். காலையில் அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கினேன். சில்லறை ஐஸ் வாங்கவில்லை. 1.5 லிட்டர் பாட்டில்கள் ஐந்தில் தண்ணீர் பிடித்து, கழுத்துக்குக் கீழே நாலு விரல் விட்டு உறையவைத்தேன். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருகும், நிரம்பப் பிடித்தால் பாட்டில் வெடிக்கும். பொடி ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும், உருகினாலும் பாட்டிலுக்குள்ளேயே குடிதண்ணீராக நிற்கும். உள்ளே போன மற்றதெல்லாம் ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தவை. மிஞ்சிய இடத்தில் துண்டுகளை அடைத்தேன். பிள்ளைகளின் தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி. மூடிக்கு நுரை அடிக்கத் துணிச்சல் வரவில்லை, நாடா மட்டும் ஒட்டினேன். டார்ச் வைத்துப் பார்த்ததில் பின்பக்கக் கீலுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் கசிந்தது, அதுவும் அடைபட்டது.

வெயில் போன தடவை அளவுக்கே இருந்தது, இரண்டாம் நாள் மதியம் 38 டிகிரி. அன்று இரவு மூன்று பாட்டிலில் ஐஸ் இருந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் திறந்தேன். வெப்பமானி 4 காட்டியது. அடியில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டினால், மணிக்கட்டுப் பருமனில் ஒரு ஐஸ் உருளை உள்ளே இடித்துச் சத்தம் போட்டது. சின்னவன் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கன்னத்தில் வைத்துக்கொண்டே பால் குடித்தான்.