ரீஜெக்ஸ்ல புரோட்டோகால் கண்டுபிடிக்கிறேன், சில டிஎல்எஸ் மட்டும் நழுவுது

பிகேப்_பித்தன்:
ஃபைனல் இயர் புராஜெக்ட். லேப்ல பிடிச்ச ஒரு பிகேப் ஃபைல் (நெட்வொர்க்ல போன பாக்கெட்டெல்லாம் பதிவானது) இருக்கு, போர்ட் நம்பரை நம்பாம பேலோடை (பாக்கெட் உள்ள இருக்கற டேட்டாவை) மட்டும் பார்த்து எந்த புரோட்டோகால்னு சொல்லணும், கைடு அப்படித்தான் கேட்டிருக்கார். பைத்தான்ல பைட்ஸ் மேலயே ரீஜெக்ஸ் (பேட்டர்ன் எழுதித் தேடுறது) ஓட்டுறேன். எஸ்எஸ்ஹெச்னு (ரிமோட் லாகின் புரோட்டோகால்) வர்றதுல பாதி பார்த்தா சாதா ஹெச்டிடிபி பக்கம்! அதை விட குழப்பம் டிஎல்எஸ்தான் (ஹெச்டிடிபிஎஸ்ல வர்ற என்கிரிப்ஷன்). கிளையன்ட் ஹலோன்னா (கிளையன்ட் அனுப்புற முதல் மெசேஜ்) முதல் பைட் 22, அடுத்து 3, அப்புறம் வெர்ஷனுக்கு ஒண்ணு நீளத்துக்கு ரெண்டு, ஆறாவது பைட் 1, இப்படி எழுதி நடுவுல தெரியாததுக்கெல்லாம் புள்ளி வச்சிருக்கேன், நிறைய பிடிக்குது ஆனா அங்கங்க ஒண்ணு ரெண்டு விட்டுடுது, வயர்ஷார்க்ல (பாக்கெட்டைப் பிரிச்சுக் காட்டுற டூல்) திறந்தா அதுவும் அப்பட்டமான கிளையன்ட் ஹலோ. ரெண்டு நாளா மண்டை காயுது.

ராத்திரி_ரூட்டர்:
நீ பைத்தானோட சர்ச் ஃபங்க்ஷன் (எந்த இடத்துல இருந்தாலும் தேடும்) யூஸ் பண்றன்னு நினைக்கிறேன் தம்பி. எஸ்எஸ்ஹெச் பத்தி எழுதின ஏதோ ஒரு வெப் பக்கத்துல "எஸ்எஸ்ஹெச்-2.0"ன்னு நடுவுல வந்தாக்கூட அது மாட்டும். முன்னாடி ^ போடு, இல்லன்னா மேட்ச் யூஸ் பண்ணு, ரெண்டும் ஆரம்பத்துல மட்டும்தான் பார்க்கும். இன்னொண்ணு, பாக்கெட் பாக்கெட்டா பார்க்காத, கனெக்ஷன் ஆரம்பத்தை மட்டும் பாரு. லினக்ஸ்ல எல்7-ஃபில்டர்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் இதே ரீஜெக்ஸ் வேலைதான், சாதாரணமா முதல் 10 பாக்கெட்டோட நிறுத்திக்கும். (எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்த "எஸ்எஸ்ஹெச்-2.0" வரிக்கு முன்னாடி வேற வரி அனுப்பலாம்னு அதோட ஸ்டாண்டர்ட் ஆர்எஃப்சி 4253 சொல்லுது, ஆனா அப்படி அனுப்புற சர்வர் அபூர்வம், விடு.)

ஹெக்ஸ்_அக்கா:
விட்டுப்போன ஹலோவுல நாலாவது அஞ்சாவது பைட்டை பாருப்பா. அதுல 10 இருக்கா?

பிகேப்_பித்தன்:
அக்கா!! இருக்கு. ஒண்ணுல 2, 10னு இருக்கு. எப்படி தெரியும்?

ஹெக்ஸ்_அக்கா:
2, 10ன்னா நீளம் 522. அந்த 10தான் நியூலைன் கேரக்டரோட நம்பர். ரீஜெக்ஸ்ல புள்ளி நியூலைனைத் தவிர மத்த எல்லாத்தையும் பிடிக்கும், அதனால நீளத்துல 10 வந்த கனெக்ஷன் மட்டும் நழுவுது, மத்ததெல்லாம் ஒழுங்கா வர்றதால நமக்கு சந்தேகமே வராது. டாட்ஆல் ஃபிளாக் போட்டா புள்ளி நியூலைனையும் பிடிக்கும், சரியாயிடும். நானும் இதுல ஒரு முழு ராத்திரியைத் தொலைச்சிருக்கேன். மூணாவது பைட்டுக்கு புள்ளி வேண்டாம், 1ல இருந்து 3 வரைன்னு எழுது. டிஎல்எஸ் 1.3 ஹலோவும் அங்க 4 போடாது, பழைய நம்பர்தான் போடும்.

பிகேப்_பித்தன்:
ஃபிளாக் போட்டதும் எல்லாம் வந்துடுச்சு, ரொம்ப தேங்க்ஸ் க்கா. கடைசியா ஒண்ணு. நானே டோரன்ட் ஓட்டித்தான் கேப்சர் பண்ணேன், 19ன்ற பைட்டும் அதுக்கு அப்புறம் "பிட்டோரன்ட் புரோட்டோகால்"ங்கற பேரும் தேடுறேன், நாலஞ்சுதான் சிக்குது.

ராத்திரி_ரூட்டர்:
பேட்டர்ன்ல தப்பு இல்ல, அந்த 19 அந்தப் பேரோட எழுத்து எண்ணிக்கைதான். ஆனா உன் கிளையன்ட்ல என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கும், அப்போ முதல் பைட்ல இருந்தே கண்டபடி எழுத்துதான் வரும், எந்த ரீஜெக்ஸும் அங்க ஒண்ணும் பிடிக்காது. செட்டிங்ல ஆஃப் பண்ணிட்டு மறுபடி பிடிச்சுப் பாரு, எண்ணிக்கை ஏறும். க்விக்கும் (ஹெச்டிடிபி/3 இதுமேலதான் ஓடுது) இதே தலைவலிதான், யூடிபி 443ல வரும், முதல் பாக்கெட்ல ரெண்டாவது பைட்ல இருந்து 0 0 0 1 இருந்தா வெர்ஷன் ஒண்ணுன்னு சொல்லிடலாம், எந்த சைட்டுக்குப் போகுதுங்கறது உள்ள என்கிரிப்ட் ஆயிருக்கும். அதைத் திறக்கற கீயை பாக்கெட்ல இருக்கற கனெக்ஷன் ஐடியில இருந்தே கணக்கு போட்டு எடுக்கலாம், என்டிபிஐங்கற புரோட்டோகால் கண்டுபிடிக்கிற லைப்ரரி அப்படித்தான் திறந்து பார்க்குது, ஆனா அதுக்கு கோட் எழுதணும், பேட்டர்ன் பத்தாது. ரிப்போர்ட்ல "தெரியாதது"ன்னு ஒரு வரி கண்டிப்பா வை, எல்லாத்துக்கும் பேர் வைக்கப் போனா வைவால அதைத்தான் நோண்டுவாங்க.

பிகேப்_பித்தன்:
ஆஃப் பண்ணிட்டு புதுசா கேப்சர் ஓடிட்டிருக்கு ண்ணா. அந்த வரியையும் சேர்த்துட்டேன், இப்போதைக்கு டேபிள்லயே அதுதான் பெருசு.