புதுப்பிப்பு: கார்பன் ஃபைபர் பில்லியர்ட்ஸ் கியூவில் (கோலில்) தெரிந்த கோடு விரிசல் அல்ல

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. என் கியூவின் 12.4 மி.மீ. கார்பன் ஃபைபர் ஷாஃப்டில் (கோலின் முன்பாகத்தில்), நுனிக்குச் சற்றுக் கீழே தெரிந்த மங்கிய கோடு விரிசலா, வெறும் தோற்றக் குறையா என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கியூ நுனியில் பூசும் சாக் (chalk) பொடியின் நீலம் போயிற்று, கோடு போகவில்லை. ஆனால் நகத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது திருகலாகச் சுற்றி ஓடுகிறது: பிசினுக்கு அடியில் சுற்றியிருக்கும் கார்பன் இழைநாடாவின் விளிம்பு.

எதிர்பாராதது, அடிக்கும்போது கேட்ட கரகரப்பு. ஷாஃப்டைச் சந்தேகித்தோம், அடிமுனை ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடைத் திருகாணி (கியூவின் எடையைக் கூட்டக் குறைக்க வைப்பது) தளர்ந்து கிடந்தது. இறுக்கியதும் சத்தம் நின்றது.

உப்புத்தாளால் தேய்க்கும் யோசனையை மட்டும் ஏற்கவில்லை. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.