உதவி: மின்ட் ஜூலெப் கசக்குது, அஞ்சு நிமிஷத்துல தண்ணியாகுது, கப்புல பனியும் பிடிக்கல

ஈசூன்வாசி:
வணக்கம். வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு ஆறு பேர் வர்றாங்க. போர்பன்கிற அமெரிக்க விஸ்கியும் புதினாவும் சேர்த்த மின்ட் ஜூலெப் கொடுக்கலாம்னு மூணு முறை செஞ்சு பாத்தாச்சு. மூணும் சொதப்பல். செஞ்ச விதம் இது:

சிங்கப்பூர் தேக்கா சந்தைப் புதினா ஒரு கைப்பிடி, சாதாச் சீனி ரெண்டு டீஸ்பூன். ரெண்டையும் கப்புல போட்டு பூரிக்கட்டை முனையால ரெண்டு நிமிஷம் நசுக்கினேன். 40 சதவீத போர்பன் 60 மில்லி. ஐஸ் கடையில மூட்டையா வாங்கினது, மிக்ஸியில அடிச்சேன். கப் ஸ்டீல்.

முதல் வாய்லயே கீரை வேகவச்ச தண்ணி வாசம். முழுங்கினப்புறம் நாக்கடியில கசப்பு. அடியில சீனி நறநறன்னு கிடக்கு. அஞ்சு நிமிஷத்துல வெறும் தண்ணி. படத்துல பாக்குற மாதிரி கப்புக்கு வெளிய வெள்ளையா பனி படியவே இல்ல. எங்க தப்பு?

கிண்ணமும் கரண்டியும்:
நாலு கோளாறு சொல்லியிருக்கீங்க. கசப்பும் சீனியும் ஒரே இடத்துல இருந்து வருது, அதை முதல்ல முடிச்சிடலாம்.

புதினாவோட வாசனை எண்ணெய் இலைக்குள்ள ஆழத்துல இல்ல. மேல்தோல்ல, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுரப்பிகள்ல இருக்கு. விரலால லேசா அழுத்தினாலே அது உடைஞ்சிடும். ரெண்டு நிமிஷம் நசுக்கினா நரம்பு கிழிஞ்சு, பச்சையமும் கசப்பும் சேர்ந்து இறங்கும். அப்புறம் நொதி காத்தோட சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கும். நீங்க செஞ்சது சட்னிப் பக்குவம். போதாததுக்கு சீனிக் கல் வேற உப்புத்தாள் மாதிரி இலையை அறுத்திருக்கு. குளிர்ந்த மதுவுல சீனி லேசுல கரையாது, அதனாலதான் மீதி அடியில கிடக்குது.

சீனிக்குப் பதிலா பாகு காய்ச்சிக்கோங்க. 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணி. கரைஞ்சதும் அடுப்பை நிறுத்திடணும், கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். நல்லா ஆறினதும் போத்தல்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரம் தாராளமா இருக்கும். ஒரு கப்புக்கு 15 மில்லி. ஏற்கனவே ரெண்டு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணின்னு கெட்டியா காய்ச்சி வச்சிருந்தா 10 மில்லி போதும். ரெண்டுலயும் ஏறக்குறைய 9 கிராம் சீனிதான் போகுது.

இலை எட்டுல இருந்து பத்து, காம்பில்லாம. பாகை ஊத்தி, மரக்கரண்டியோட பின்பக்கத்தால அஞ்சாறு முறை அழுத்துங்க, திருகாதீங்க. வாசம் மூக்குக்கு ஏறினதும் நிறுத்திடணும். இலை முழுசா இருக்கணும், நிறம் கொஞ்சம் கருத்திருந்தா போதும்.

கப் ஸ்டீல்னு மட்டும் சொல்லிட்டீங்க. எப்படிப்பட்ட ஸ்டீல்?

ஐஸ்கட்டி:
தண்ணியாகுறதுக்கு முதல் குற்றவாளி மிக்ஸி. கடை மூட்டை வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ளேயே மேல நீர் பூத்திருக்கும். அதை மிக்ஸியில போட்டா பாதி பொடி, பாதி தண்ணி. பொடிக்குப் பரப்பு அதிகம், அந்தப் பரப்பு முழுக்க ஈரம் ஒட்டியிருக்கும். போர்பன் ஊத்துறதுக்கு முன்னாடியே கப்புக்குள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். ஐஸ் கச்சாங் மாதிரி சீவின ஐஸும் இதே கதைதான்.

மூட்டை ஐஸை ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல போட்டு, கட்டி கல்லு மாதிரி காயட்டும். மறுநாள் கெட்டியான பருத்திப் பையில போட்டு அடிங்க. அமெரிக்க பார்கள்ல இதுக்குன்னே லூயிஸ் பைன்னு ஒரு கித்தான் பை வச்சிருப்பாங்க. நமக்கு மஞ்சப்பை இருக்கே. துவைச்சு காயவச்சது, சாயம் போகாதது, அச்சடிச்ச பக்கம் வெளிய இருக்கட்டும். துணி ஈரத்தை உறிஞ்சிக்கும், அதுதான் மிக்ஸிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். அளவு: பட்டாணியில இருந்து கொண்டைக்கடலை வரைக்கும். ஒரு கப்புக்கு 250 கிராம், ஆறு பேருக்கு ஒண்ணரை கிலோ. உடைச்சதை ஸ்டீல் டப்பாவுல போட்டு மறுபடியும் அரை மணி நேரம் ஃப்ரீசர்.

வீவக அடுக்குமாடி வீட்டுல தரையில வச்சு அடிக்காதீங்க, கீழ்வீட்டுக்காரர் மேல வந்துடுவார். மடிச்ச துண்டு, அதுமேல வெட்டுப் பலகை, அதுமேல பை.

ஈசூன்வாசி:
நன்றி. கப் ரெட்டைச் சுவர் வச்சது. காப்பி ஆறு மணி நேரம் சூடா இருக்கும்னு போட்டிருந்துச்சு.

ஐஸ்கட்டி:
அண்ணே, அது கப் இல்ல, ஃபிளாஸ்க்! உள்குளிர் வெளிய வராம தடுக்கத்தான் அந்த ரெண்டாவது சுவரே. அதுல விடிய விடிய கிளறினாலும் பனி பிடிக்காது.

அம்மா வீட்டு அலமாரியில ஒத்தைச் சுவர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும் பாருங்க, 300 மில்லி கொள்ளளவு, அதை எடுங்க. வெள்ளி டம்ளர் இருந்தா இன்னும் விசேஷம், வெப்பத்தை வெள்ளி அளவுக்குக் கடத்துற உலோகம் வேற கிடையாது. கண்ணாடி கிளாஸ் ரொம்ப மந்தம்.

பனி எப்படி வருதுன்னா, ஐஸ் ஆல்கஹால்ல கரையும்போது கலவை சுழியத்துக்குக் கீழ போகும், மைனஸ் 5 டிகிரி வாக்குல. உலோகச் சுவரும் சுழியத்துக்குக் கீழ போனா வெளிய இருக்குற ஈரம் உறையும். சிங்கப்பூர்ல சிக்கல் ஈரம் குறைவா இருக்கிறது இல்ல, அதிகமா இருக்கிறது. நம்ம காத்துல கப்பை வெளிய எடுத்த நொடியில நீர் கோத்துக்கும். ஆவி நீராகும்போது சூட்டை விடும், அந்தச் சூடு கப்புக்குள்ள போய் ஐஸைக் கரைக்கும். பனிக்குப் பதிலா வேர்வை வழியும்.

அதனால நல்லா துடைச்சு காஞ்ச டம்ளரை ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல வைங்க. ஏர்கான் போட்ட அறையில கலங்க, சமையலறையில வேண்டாம். டம்ளரை எடுத்த கையோட ஊத்திக் கிளறணும். பிடிக்கிறது விளிம்புல மட்டும். உள்ளங்கை பட்ட இடத்துல அஞ்சு விரலும் அச்சா தெரியும்.

போத்தல் மூடி:
போர்பன் பத்தி யாரும் பேசலையே. 40 சதவீதம் நம்ம ஊர் வெயிலுக்கு மெலிசு. கணக்கு பாருங்க: 60 மில்லி போர்பன், 15 மில்லி பாகு, கரையிற ஐஸ் ஒரு 35 மில்லி, மொத்தம் 110. அதுல ஆல்கஹால் 24 மில்லி, அதாவது 22 சதவீதம். இது முதல் வாய். பத்து நிமிஷம் பேசிட்டே இருந்தா இன்னும் இறங்கும். வைல்ட் டர்க்கி 101 எடுத்தீங்கன்னா அது 50.5 சதவீதம், அதே கணக்குல 27க்கு மேல நிக்கும். மேக்கர்ஸ் மார்க் 45, நடுவாந்தரம், கோதுமை சேர்த்தது, காரம் குறைவு. கையில ஜிம் பீம் வெள்ளை லேபிள் மட்டும்தான்னா 75 மில்லி ஊத்துங்க, புதுசா வாங்கணும்னு இல்ல.

விலை ஏன் கூடன்னு கேப்பீங்க. இங்க மதுவரி சுத்த ஆல்கஹால் அளவுக்குத்தான், லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 700 மில்லி போத்தல் 40 சதவீதம்னா வரி மட்டும் 24.64 வெள்ளி. 50.5னா 31 வெள்ளிக்கு மேல. ஜிஎஸ்டி தனி. சனிக்கிழமை கடைசி நேரத்துல ஓடலாம்னு நினைக்காதீங்க, இரவு 10.30க்கு அப்புறம் காலை 7 மணி வரைக்கும் கடையில விக்க மாட்டாங்க.

வீட்டுல இருக்குற ஸ்காட்ச் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. போடலாம், ஆனா அது ஜூலெப் ஆகாது. போர்பன்ல பாதிக்கு மேல, சட்டப்படி 51 சதவீதமாவது, மக்காச்சோளம். உள்ள கருக்கின புது ஓக் பீப்பாயில வைக்கிறதால வனிலா, கருகின சீனி மணம் வரும். புதினாவோட சேர்றது அந்த இனிப்புதான். ஸ்காட்ச்ல புகை வாசம் இருந்தா அது புதினாவோட சண்டை போடும்.

தேக்கா கூடை:
புதினா விஷயம். சந்தையில ரெண்டு மூணு இலை ஒரே மாதிரி பேரோட கிடக்குது. நம்ம சட்னிப் புதினா ஸ்பியர்மின்ட் வகை, ஜூலெப்புக்கு அதுதான் வேணும். பெப்பர்மின்ட்ல மென்தால் தூக்கல், பல்பொடி ஞாபகம் வந்துடும். வியட்நாம் புதினான்னு ஒண்ணு விப்பாங்க, நீண்ட கூரான இலை, நடுவுல கருஞ்சிவப்புத் தடம். அது புதினாவே இல்ல, லக்சாங்கிற நூடுல்ஸ் குழம்புல போடுற லக்சா இலை. மிளகுக் காரம் அடிக்கும், அதை லக்சாவுக்கே விட்டுடுங்க.

வாங்கினதும் கழுவாதீங்க. அடித்தண்டை ஒரு விரல்கடை வெட்டி, தண்ணி டம்ளர்ல நிக்க வச்சு, மேல பிளாஸ்டிக் பையைத் தளர்வா கவிழ்த்து ஃபிரிட்ஜ்ல வைங்க. சனிக்கிழமைக்கு வியாழக்கிழமை வாங்கினா போதும். துவண்டு போனா ஐஸ் தண்ணியில பத்து நிமிஷம் மூழ்க வைங்க, எழுந்து நிக்கும்.

மேல செருக அழகான நுனிக்கொத்து ஆறு தனியா எடுத்து வச்சிடுங்க. அடி இலைதான் கப்புக்குள்ள போகணும். மீந்த தண்டைத் தண்ணியில போட்டா வேர் விடும், தாழ்வாரத்துல சின்னத் தொட்டியில வைக்கலாம். அடித்தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க, கொசு முட்டை வைக்கும்.

தேங்கா பன்:
குறுக்க ஒரு கேள்வி. ஜூலெப்ங்கிறது பாரசீக குலாப், ரோஜாத்தண்ணிங்கிற சொல்லுல இருந்து வந்ததுதானே? குலாப் ஜாமூன்ல இருக்குற அதே குலாப். அப்ப கொஞ்சம் பன்னீர் தெளிச்சா பொருத்தமா இருக்குமா?

கிண்ணமும் கரண்டியும்:
சொல் சரி. சுவைக்கு வேண்டாம். ரெண்டு சொட்டுப் பன்னீரே புதினாவை அமுக்கிடும், கல்யாண வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும். வேற ருசி வேணும்னா பாகுல சீனிக்குப் பதிலா குலா மெலாக்கா (பனை வகை வெல்லம்) போடுங்க, போர்பனோட கருகின மணத்துக்கு அது ஒத்துப்போகும். ஆனா முதல் முறை வெள்ளைச் சீனியிலேயே செய்யுங்க, தப்பு வந்தா எங்கன்னு கண்டுபிடிக்க லேசு.

ஈசூன்வாசி அண்ணே, கப்புல கட்டுற வரிசையும் முக்கியம். பாகுல இலையை அழுத்தியாச்சா, போர்பன் ஊத்துங்க. உடைச்ச ஐஸ் முக்கால் கப். நீளக் கரண்டியால அடி வரைக்கும் விட்டு அரை நிமிஷம் சுத்துங்க, இலை மேல மிதந்து வராம அடியிலேயே இருக்கட்டும். சுவர் மங்கலாகி, அப்புறம் வெள்ளையாகும். அப்ப மறுபடி ஐஸ், விளிம்புக்கு மேல கோபுரமா. நுனிக்கொத்தை உள்ளங்கையில வச்சு ஒரே ஒரு தட்டு தட்டி, ஓரமா செருகுங்க.

ஆறு பேருக்கு ஒவ்வொண்ணா அளந்தா முதல் கப் கரைஞ்சிடும். முன்கூட்டியே போத்தல்ல 360 மில்லி போர்பன், 90 மில்லி பாகு, 60 மில்லி தண்ணி கலந்து குளிர வைங்க. கப்புக்கு 85 மில்லி. தண்ணி எதுக்குன்னா, குளிர்ந்த கலவை ஐஸைக் கம்மியா கரைக்கும், தண்ணி சேர்க்கலைன்னா தொண்டையில காரமா இறங்கும். 50.5 சதவீத போர்பன்னா இந்தக் கலவை ஃப்ரீசர்லயே உறையாம இருக்கும். 40 சதவீதம்னா கூழாகலாம், ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. இலையை மட்டும் போத்தல்ல போடாதீங்க, கறுத்துடும். கப்புல ஒரு டீஸ்பூன் கலவை விட்டு அப்பவே அழுத்திக்கலாம்.

தேங்கா பன்:
குடிக்காதவங்களுக்கு?

தேக்கா கூடை:
தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, கடுஞ்சாயமா போட்டு நல்லா ஆற வச்சு, 80 மில்லி. பாகு, இலை, ஐஸ் எல்லாம் அதே அளவு. தேத்தண்ணித் துவர்ப்பு போர்பன் இடத்தை ஓரளவு நிரப்பும். அந்த டம்ளருக்கு வேற நிற ஸ்ட்ரா வைங்க, மாறிப்போயிடும்.

ஈசூன்வாசி:
இன்னிக்கு எவர்சில்வர் டம்ளர், மஞ்சப்பை ஐஸ், பாகு. கசப்பு சுத்தமா இல்ல. அறை ஏர்கான்ல ரெண்டு நிமிஷத்துல பனி பிடிச்சிடுச்சு, நகத்தால கோடு போட முடியுது. ஒரே ஒரு குறை, புதினா வாசம் குடிக்கும்போது வர்றதே இல்ல. இலையைக் கூட்டணுமா?

கிண்ணமும் கரண்டியும்:
கூட்டாதீங்க, மறுபடி கசக்கும். ஸ்ட்ரா எவ்வளவு நீளம்?

ஈசூன்வாசி:
பபிள் டீக்கு வச்சிருந்த உலோக ஸ்ட்ரா. ஒரு சாண்.

கிண்ணமும் கரண்டியும்:
அதான். மூக்கு புதினாவுக்கு ஒரு முழம் மேல நிக்குது. விளிம்புக்கு மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டும் நீட்டிட்டிருக்குற ஸ்ட்ரா வேணும், கொத்துக்குப் பக்கத்துலயே செருகணும். குனிஞ்சு உறிஞ்சும்போது மூக்கு இலையில முட்டணும். காகித ஸ்ட்ராவை கத்தரியால வெட்டிக்கோங்க.

ஈசூன்வாசி:
வெட்டிப் பாத்தாச்சு. வருது. ஆறு டம்ளரும் துடைச்சு ஃப்ரீசர்ல ஏத்தியாச்சு, மீன் பொட்டலத்தை மட்டும் கீழ இறக்க வேண்டியதாயிடுச்சு.

ஐஸ்கட்டி:
மீன் இருந்த தட்டுன்னா டம்ளரை மூடி வைங்க அண்ணே. ஐஸ் டப்பாவையும்.