‘பேட்ச்’ என்பதற்குத் தமிழ்: நிரலொட்டா, ஒட்டுநிரலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருளில் உள்ள ஓட்டையை அடைக்க வெளியிடும் ‘பேட்ச்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் மடல்களை மூன்று நாள்களாகப் படித்து வருகிறேன். ‘திருத்தம்’, ‘இணைப்பு’, ‘ஒட்டுநிரல்’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. எதற்கு இந்தப் பாடு, பேட்ச் என்றே எழுதிவிடலாமே என்ற கருத்தும் வந்துள்ளது. இராயபுரத்தில் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றின் கணினிகளையும் வழங்கிகளையும் (சர்வர்) பராமரிப்பவன் என்ற முறையில் என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிடங்கில் பணிபுரிவோருக்கு அறிவிப்புகள் தமிழில்தான் போகும். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிடுவது 2003 முதல் இருந்துவரும் வழக்கம். அதையொட்டி, ‘இன்றிரவு மென்பொருள் புதுப்பிப்பு நடைபெறும், கணினியை அணைக்காமல் செல்லவும்’ என்று எழுதி வந்தேன். எடைமேடையில் இருக்கும் அண்ணன் ஒருவர், “புதுசா என்ன சார் வரப்போவுது? இருக்கறதே நல்லாத்தான் ஓடுது” என்று கேட்டுவிட்டு, மூன்று மாதமும் கணினியை அணைத்துவிட்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். பிழை அவருடையதன்று. புதுப்பிப்பு என்பது பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போல, முடிந்தால் செய்வது, முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது. கூரை ஒழுகுகிறது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

விண்டோஸ் 10 செய்தியிலும் இதே குழப்பம்தான். 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான பொது ஆதரவு முடிந்தபோது, ‘இனி அப்டேட் வராது’ என்பதைக் கேட்ட என் உறவினர் பலர், தொல்லை விட்டது என்று மகிழ்ந்தார்கள். கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு உண்மையில் நின்றுபோனது பேட்ச். ‘இற்றைப்படுத்தல்’ என்ற நல்ல சொல்லை அப்டேட்டுக்கு வைத்திருக்கிறோம். அப்கிரேடுக்கு ‘மேம்படுத்தல்’ இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் இந்தப் பொருளுக்கு மட்டும் தனிச்சொல் நிலைபெறவில்லை.

‘இணைப்பு’ வேண்டாம். மின்மடலில் வரும் கோப்பும், வலைமுகவரியும், கேபிளும் ஏற்கெனவே அந்த ஒரு சொல்லில் அடைந்து கிடக்கின்றன. ‘திருத்தம்’ பொருளளவில் பொருந்தினாலும், எழுத்துப்பிழையைச் சரிசெய்வது முதல் அரசமைப்புச் சட்டத்தை மாற்றுவது வரை எல்லாவற்றுக்கும் வழங்குவதால் கூர்மை போதவில்லை.

மிஞ்சுவது ‘ஒட்டு’ என்ற வேர்ச்சொல்தான். அதை நான் ஆதரிக்கக் காரணம், தினமும் கடந்துபோகும் ஒரு பஞ்சர் கடை. கல்மண்டபத்துக்கு அருகே அந்தக் கடைக்காரர் ட்யூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் அடையாளமிட்டு, ஈரம் துடைத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, பிறகே ஒட்டுகிறார். ஒட்டியதும் மறுபடி தண்ணீரில் முக்குகிறார். ட்யூபை உள்ளே தள்ளுமுன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பார்க்கிறார். குத்திய ஆணி அங்கேயே இருந்தால் போட்ட ஒட்டு பத்தடி தாங்காது.

அலுவலகக் கோப்புகளைப் பகிர உதவும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் வழங்கிகளுக்கு 2025 ஜூலையில் நேர்ந்ததை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. ஜூலை 8 அன்று இரண்டு ஓட்டைகளுக்கு வெளியிட்ட பேட்ச் முழுமையாக அடைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு தாக்குதல் நடந்ததால் இரண்டு வாரத்துக்குள் அவசரமாக மறு பேட்ச் வெளியிட வேண்டியதாயிற்று. அதை நிறுவியதோடும் வேலை முடியவில்லை. நுழைந்தவர்கள் வழங்கியின் மறைக்குறியீட்டுச் சாவிகளைத் திருடியிருந்தால், ஓட்டை அடைபட்ட பிறகும் அந்தச் சாவிகளைக் கொண்டு திரும்ப வரமுடியும் என்பதால், அவற்றையும் மாற்றும்படி நிர்வாகிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. டயருக்குள் இருந்த ஆணி அதுதான்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதற்குத் துணைநிற்கிறது. துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய காலத்தில் தவறான துளைகளின் மேல் காகிதத் துண்டை ஒட்டித்தான் திருத்தினார்கள். 1944ஆம் ஆண்டின் ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கான நாடா ஒன்றில் அந்த ஒட்டுகளை இன்றும் பார்க்கலாம். ஆகவே ‘ஒட்டு’ என்பது உவமையாகக்கூட வரவில்லை. தொழிலின் பெயராகவே வருகிறது.

இனி, ‘ஒட்டுநிரல்’ பற்றி. முன்மொழிந்த மதுரை நண்பர் ‘செருகுநிரல்’ (பிளக்-இன்) என்ற முன்மாதிரியைக் காட்டினார். என் தயக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. செருகுநிரல் என்பது செருகப்படும் தனி நிரல். அதே வாய்பாட்டில் ஒட்டுநிரல் என்றால் வந்து ஒட்டிக்கொள்ளும் தனி நிரல் என்றே பொருள்படும். ‘ஒட்டுண்ணி’யை அறிந்த காதுக்கு அது நச்சுநிரலின் பெயராகவே கேட்கும், மருந்துக்கு நோயின் பெயரை வைத்ததுபோல் ஆகிவிடும். சொல்லைத் திருப்பி ‘நிரலொட்டு’ என்றால், நிரலுக்கு இடும் ஒட்டு என்று பொருள் நேராக நிற்கிறது. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்போர் அனுப்பும் மாற்றக் கோப்பையும் இச்சொல் தாங்கும். தலைப்பிலும் கலைச்சொல் பட்டியலிலும் நிரலொட்டு. அடுத்த வரியிலிருந்து வெறும் ஒட்டு.

‘பேஸ்ட்’ கட்டளைக்கும் ஒட்டு என்றுதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அது ‘வெட்டு’, ‘நகலெடு’ ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கும் ஏவல்வினை. இது பெயர்ச்சொல், ‘இடு’ என்ற வினையோடு வரும். ‘ஒட்டு இட்டாயிற்றா?’ என்று கேட்டால் யாரும் தட்டச்சுப் பலகையைத் தேட மாட்டார்கள். கணினியை மறுதொடக்கம் செய்யாமல் இயங்கிக்கொண்டிருக்கும் கருவகத்துக்கே (இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல்) இடுவதை, லினக்ஸ் 4.0 முதல் உள்ள வசதி அது, ‘நிறுத்தா ஒட்டு’ எனலாம். வாடா மலர் என்பதுபோல. ட்யூப் இல்லாத டயருக்குச் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போடுவதைப் பார்த்தபோது தோன்றிய சொல் இது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

மறுமடல், திருவொற்றியூரிலிருந்து:

ஐயா, நிரலொட்டு எனக்கும் உடன்பாடே. ஆனால் தாங்கள் இலக்கணத்தில் ஓரிடத்தைக் கவனிக்கவில்லை. ‘ஒட்டு’ இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘ஒட்டை’ ஆகும். ‘ஒட்டை நிறுவவும்’ என்று அறிவிப்பு வந்தால், அவசரத்தில் படிப்பவர் ‘ஓட்டை நிறுவவும்’ என்றே படிப்பார். அடைக்க வந்ததும் அடைபட வேண்டியதும் ஒரு சுழியில் குழம்புகின்றன. முப்பதாண்டு தமிழாசிரியையாக இருந்து மாணவர் ஏடுகளில் ஒகர ஓகாரக் குழப்பத்தைத் திருத்திய கை இது, பொருட்படுத்தாமல் விடாதீர்கள்.

*

அம்மா, வணக்கம்.

நேற்று வரைவு எழுதும்போது நானே அந்தக் குழியில் விழுந்து எழுந்தேன். தாங்கள் சொன்னபிறகுதான் எங்கே விழுந்தேன் என்று தெரிந்தது. இன் சாரியை சேர்த்து ‘ஒட்டினை’ என்று எழுதினால் சிக்கல் தீரும் என நினைக்கிறேன். பேச்சில் ‘ஒட்டு போடு’ என்று உருபு இல்லாமலே சொல்வதால் அங்கே இடர்ப்பாடு இல்லை. அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கு எழுதியுள்ள அறிவிப்பைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

‘கணினிகளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. இன்றிரவு 9 மணிக்கு மேல் அதற்கான நிரலொட்டு இடப்படும். புதிய வசதி எதுவும் வராது. கணினியை அணைக்க வேண்டாம். காலையில் வந்ததும், ஒட்டினை ஏற்றுக் கணினி சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு எடை போடத் தொடங்கவும்.’