காட்டுல ஆந்தை எடுக்க டார்ச், ஃப்ளாஷ் வேணுமா? மசினகுடி போறேன்

கோவை_கேமரா:
வணக்கம் நண்பர்களே, ஜனவரில முதுமலை மசினகுடி பக்கம் போறேன். இதுவரைக்கும் ஊர் பக்கம் இருக்கற புள்ளி ஆந்தைதான் எடுத்திருக்கேன், காட்டுல மீன் ஆந்தை, கொம்பன் ஆந்தை ரெண்டும் எடுக்கணும்னு ரொம்ப ஆசை. கைல 150-600 லென்ஸ் இருக்கு. நைட்ல டார்ச் அடிச்சுத்தான் எடுக்கணுமா, ஃப்ளாஷ் வாங்கணுமா? போன்ல அதோட குரலைப் போட்டா கிட்ட வரும்னு ஒருத்தர் சொன்னாரு, அது சரியா? பறவைக்கு தொந்தரவு ஆகக்கூடாது, அதான் கேக்கறேன்.

மோயாறு_கரை:
டார்ச் ஃப்ளாஷ் ரெண்டுமே வேணாங்க. அது புலிகள் காப்பகம், ராத்திரி உள்ள போக விடமாட்டாங்க, முதுமலை வழியா கர்நாடகாவுக்குப் போற பந்திப்பூர் ரோடே ராத்திரி 9 மணிக்கு மூடி காலைல 6க்குத்தான் திறப்பாங்க, அதுவுமில்லாம யானை நடமாட்டம் இருக்கற இடம். யாராவது ஜீப்காரர் நைட் சஃபாரின்னு கூப்பிட்டா போகாதீங்க.

மீன் ஆந்தைக்கு ராத்திரி வேண்டியதே இல்ல. பகல் பூரா ஓடைக்கரைல இருக்கற பெரிய மரத்துல, இலை அடர்த்தியா இருக்கற கிளைல உக்காந்திருக்கும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தண்ணி ஓரம் இறங்கி மீன், நண்டு, தவளைன்னு தேட ஆரம்பிச்சிடும். கரிச்சான், வால்காக்கை எல்லாம் ஒரு மரத்தைச் சுத்தி விடாம கத்துதுன்னா நின்னு பாருங்க, உள்ள ஆந்தை இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. கொம்பன் வேற மாதிரி, அடர்ந்த காட்டை விட பாறையும் புதரும் இருக்கற சரிவுலதான் இருக்கும். ரெண்டுக்கும் தலைல கொம்பு மாதிரி இறகு இருக்கறதால குழம்பும், காலைப் பாருங்க, மீன் ஆந்தைக்கு கால் வெறுமையா இருக்கும், கொம்பனுக்கு இறகு மூடியிருக்கும்.

இலைநிழல்:
செட்டிங்ஸ் சொல்றேன். உக்காந்திருக்கற ஆந்தை அசையாது, அதனால ஷட்டர் ஸ்பீட் 1/125 செகண்ட் போதும், நல்ல சப்போர்ட் இருந்தா 1/60 கூட போகலாம், ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்) 1600ல இருந்து 3200 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க. ஆட்டோஃபோகஸ் முன்னாடி இருக்கற இலையைப் பிடிச்சுக்கும், ஃபோகஸை சிங்கிள் பாயின்ட்ல, அதாவது ஒரே புள்ளில வச்சு ஆந்தையோட கண்ணுல போடுங்க. பின்னாடி வானம் வெள்ளையா இருந்தா பறவை கருப்பாயிடும், எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆகற மாதிரி கூட்டிக்கோங்க. மரமும் ஓடையும் தெரியற மாதிரி வைடா ஒரு ஃப்ரேம் கண்டிப்பா எடுங்க, எனக்கு முகம் மட்டும் நிறைஞ்ச படத்தை விட அதுதான் பிடிக்கும், அது எந்த மாதிரி காட்டுல வாழுதுன்னு அந்தப் படம்தான் சொல்லும்.

கூகை_நேசன்:
குரல் போடறதைப் பத்தி யாரும் சொல்லலையே. தயவு செஞ்சு போடாதீங்க. ஜனவரி ரெண்டு ஆந்தைக்குமே கூடு கட்டற சீசன். வேற ஆந்தை நம்ம எடத்துக்கு வந்துடுச்சுன்னு நெனச்சுத்தான் அது கிட்ட வருது, அந்த நேரம் கூட்டுல முட்டையோ குஞ்சோ காவல் இல்லாம கெடக்கும். கொம்பன் பாறை இடுக்குல, சில சமயம் வெறும் தரைலயே முட்டை போடும், அதை எழுப்பி விட்டா ரொம்ப கஷ்டம். உடம்பை ஒல்லியா நிமித்தி, கண்ணை கோடு மாதிரி சுருக்கி நின்னா உங்களைப் பாத்து மறையப் பாக்குதுன்னு அர்த்தம், அங்கயே நின்னு மெதுவா பின்னாடி வந்துடுங்க.

இன்னொண்ணு, படம் போடும்போது எந்த மரம் எந்த ஓடைன்னு போடாதீங்க, ஜிபிஎஸ் தகவலையும் எடுத்துடுங்க. 1972 வனவிலங்கு சட்டத்துல ஆந்தைக்கு பாதுகாப்பு இருக்கு, ஆனாலும் மாந்திரீகத்துக்குன்னு பிடிக்கறவங்க இன்னும் இருக்காங்க, அதுவும் தீபாவளி சமயத்துல அதிகம்.

கோவை_கேமரா:
ரொம்ப நன்றிங்க, குரல் போடற பேச்சே இல்ல. தெப்பக்காடு சஃபாரி வண்டில ட்ரைபாட் விரிக்க முடியுமா?

மோயாறு_கரை:
முடியாதுங்க, இடம் பத்தாது. ஜன்னல்ல வைக்க ஒரு பீன்பேக் எடுத்துட்டு போங்க, கடைல வாங்க வேணாம், துணிப்பைல அரிசி போட்டு கட்டினா போதும். வண்டி நின்னதும் இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, அந்த அதிர்வுல 1/60 எல்லாம் நிக்காது. சாயங்கால ட்ரிப்ல கடைசி வண்டிய கேட்டுப் பாருங்க.