கிரானைட் ஸ்லாபில் எப்பாக்ஸி பிசுபிசுக்குது, பக்கெட்டில் மட்டும் இறுகுது. ஹார்ட்னர் கூட்டலாமா?

பர்கூர் பாலிஷ்:
பர்கூர் பக்கம் சின்ன பாலிஷிங் யூனிட்ங்க. ஸ்லாபில் இருக்கிற மயிரிழை விரிசல், ஊசித் துளைக்கெல்லாம் எப்பாக்ஸி பூசி மறுநாள் லைனில் ஏத்துவோம். வெயில் காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. மார்கழி பொறந்ததிலிருந்து காலையில் தொட்டா விரல் ஒட்டுது. பாலிஷ் ஹெட் பட்டதும் துளையிலிருந்து உரிஞ்சு வருது. அதே கலவைதான், பக்கெட் அடியில் மிச்சம் இருந்தது புகைஞ்சு பாறையா நிக்குது! 100 கிராம் ரெசினுக்கு 13 கிராம் ஹார்ட்னர், தராசில் நிறுத்துத்தான் போடறோம். சப்ளையர் ஆள் 16 போடச் சொல்றார். போடலாமா? ஓவன் கிடையாது.

ஓசூர் காம்போசிட்:
போடாதீங்க. பக்கெட்டே பதில் சொல்லிடுச்சு. எப்பாக்ஸியும் ஹார்ட்னரில் இருக்கிற அமீனும் சேரும்போது வெப்பம் வரும். பக்கெட்டில் அது உள்ளேயே தங்கி வினையை இன்னும் விரட்டும். ஸ்லாபில் மெல்லிசா பூசினதும் வர்ற சூட்டையெல்லாம் கல்லு குடிச்சிடும். ஷெட்டில் காத்து எவ்வளவு சூடுன்னு பார்க்காதீங்க, கல்லைத் தொட்டு அளந்து சொல்லுங்க.

தர்மபுரி எம்.எஸ்ஸி:
அண்ணா, 13 சும்மா வந்த எண் இல்லை. சாதாரண திரவ எப்பாக்ஸிக்கு ஈக்குவலன்ட் எடை, அதாவது ஒரு மோல் எப்பாக்ஸி தொகுதி இருக்கிற ரெசினோட கிராம் எடை, சுமார் 188. ஹார்ட்னர் டெட்டா (டிரைஎத்திலீன் டெட்ராமீன்) வகைன்னா மூலக்கூறு எடை 146.2, அதில் வினைபுரியற ஹைட்ரஜன் 6, ஆக ஒரு ஹைட்ரஜனுக்கு 24.4. அதை 100-ஆல் பெருக்கி 188-ஆல் வகுத்தா 13. உங்க ஹார்ட்னர் வேற வகைன்னா டேட்டா ஷீட்டில் இருக்கிற எண்ணைப் போட்டுப் பாருங்க. 16 போட்டா முதலில் கொஞ்சம் வேகமா கெட்டியாகற மாதிரி தெரியும். ஆனா ஜோடி கிடைக்காத அமீன், மூலக்கூறுகள் பின்னிக்கிற வலைக்குள்ளே தொங்கி ரெசினை மெத்துன்னு ஆக்கிடும்.

பர்கூர் பாலிஷ்:
கல்லு மேல காலையில் 18 டிகிரி. வெயில் காலத்தில் ராத்திரியே 30 இருக்கும். கூட ஒரு நாள் விட்டுப் பார்க்கலாமா தம்பி?

தர்மபுரி எம்.எஸ்ஸி:
எப்பாக்ஸி-அமீன் வினைக்குக் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, பொதுவா மோலுக்கு 50-60 கிலோஜூல். 55-ன்னு வெச்சு, வெப்பநிலையை வினை வேகத்தோட இணைக்கிற அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டா, 30-லிருந்து 18-க்கு இறங்கினா வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையுது. இன்னொண்ணும் இருக்கு: வினை நடக்க நடக்கப் பிறக்கிற ஹைட்ராக்சில் தொகுதிகளே அதுக்கு வினையூக்கி. அதனால் ஆரம்பம்தான் ரொம்ப மந்தம்.

ஓசூர் காம்போசிட்:
கூட ஒரு நாள் விட்டா ஒட்டறது நிக்கலாம், உரியறது நிக்காது. வலை வளர வளர அதோட கண்ணாடி நிலை வெப்பநிலையும் (அதுக்குக் கீழே ரெசின் விறைப்பா, மேலே இளகி இருக்கும்) ஏறும். அது கல்லோட வெப்பநிலையைத் தாண்டினதும் மூலக்கூறுகள் நகர முடியாம உறைஞ்சிடும், வினை பாதியில் தூங்கிடும். தொட்டா காஞ்சதுதான். பாலிஷ் ஹெட் உரசற சூட்டில் இளகிடும். எழுப்பணும்னா சூடு ஒண்ணுதான் வழி.

பர்கூர் பாலிஷ்:
எவ்வளவு தூரம் இறுகிச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தர்மபுரி எம்.எஸ்ஸி:
லேபில்னா டி.எஸ்.சி. கருவி, துணுக்கைச் சூடாக்கும்போது வர்ற வெப்பத்தை அளக்கிறது. 5-10 மில்லிகிராம் துணுக்கைச் சூடாக்கினா மிச்ச வினையோட வெப்பம் தெரியும். புதுக் கலவை கிராமுக்கு 480 ஜூல் தந்து உங்க துணுக்கு 96 தந்தா, 80 சதவீதம்தான் முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். கிளர்வு ஆற்றல் வேணும்னா நிமிஷத்துக்கு 5, 10, 20 டிகிரின்னு வேகம் மாத்தி ஓட்டி, வினை வெப்பம் உச்சிக்குப் போற வெப்பநிலை எங்கெங்க நகருதுன்னு பார்ப்போம். 1957-ல் கிஸ்ஸிஞ்சர் போட்ட வழி, இன்னும் எங்க புராஜெக்ட்டில் அதுதான். துணுக்கு அனுப்பணும்னா சென்னை கிண்டியில் இருக்கிற சிப்பெட் (மத்திய அரசு பெட்ரோகெமிக்கல், பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்)-ல் விசாரிங்க.

ஓசூர் காம்போசிட்:
லேபெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பஞ்சில் அசிட்டோன் நனைச்சு அழுத்தித் தேய்ங்க. பஞ்சு ஒட்டினா, ரெசின் இளகினா, லைனில் ஏத்தாதீங்க. ஸ்லாபை முதலில் ஈரம் போகக் காய வெச்சு, 40 டிகிரிக்குக் கொண்டு வந்துட்டுப் பூசுங்க. விரிசலுக்குள்ளேயும் நல்லா இறங்கும். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடி அதே சூட்டில் ராத்திரி முழுக்க வைங்க.

பர்கூர் பாலிஷ்:
தார்ப்பாய்க்குள்ளே கேஸ் அடுப்பு வெச்சுக்கலாமா? கரண்ட் செலவு மிச்சம்.

ஓசூர் காம்போசிட்:
வேண்டவே வேண்டாம். நெருப்பு ஆபத்து ஒரு பக்கம். கேஸ் எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். ரெண்டும் அமீனோட சேர்ந்து மேலே வெள்ளையா, வழவழன்னு ஒரு படலம் கட்டும். இப்பவே காலையில் அந்தப் படலம் இருக்கான்னு பாருங்க. இருந்தா வெந்நீர் விட்டு ஸ்க்ரப்பரால் தேய்ச்சா போகும். கரண்ட் ஹீட்டரே வைங்க, ரெசினுக்கு நேரா காட்டாம கல்லுக்கு அடியில்.