வால்வுக்குத் தமிழ்: எல்லாமே ‘ஓரதர்’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக ஒரு குழாய்ப்பணிக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். ‘வால்வு’ வந்த இடத்திலெல்லாம் ‘ஓரதர்’ என்று போட்டுக்கொண்டே போனேன். மூன்று பக்கம் வழியுள்ள வால்வுக்கு ‘மூவழி ஓரதர்’ என்று எழுத வேண்டி வந்தபோது கை நின்றுவிட்டது. தடுக்கிதழ், அடைப்பிதழ் என்ற சொற்களும் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

* * *

தம்பிக்கு வணக்கம்.

சரியான இடத்தில்தான் கை நின்றிருக்கிறது. அதர் என்றால் வழி. ஓரதர் என்றால் ஒரு பக்கமாக மட்டும் போகவிடுவது. அந்தப் பெயருக்கு முழு உரிமை உடையது, பட்டறையில் என்.ஆர்.வி. என்று சொல்கிற நான்-ரிட்டர்ன் வால்வு. அதற்குக் கைப்பிடி கிடையாது. தண்ணீர் தள்ளினால் திறக்கும். திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரே அதைச் சாத்திவிடும். கிணற்றில் உறிஞ்சுகுழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் ஒரு சிறு கல் சிக்கினாலும் போதும், குழாயில் நின்ற தண்ணீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் குடம் குடமாக ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும்.

கேட் வால்வு, அதாவது பலகை போன்ற தகடு ஏறி இறங்கித் திறந்து மூடும் வால்வு, அப்படியல்ல. எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. நான் வகுப்பெடுத்த ஓரிடத்தில் அதை ‘வாயில் ஓரதர்’ என்று அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாணவன் வால்வைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அம்புக்குறி எங்கே சார்?” என்றான். ஒருவழி வால்வில்தான் ஓட்டத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும்; பெயரை நம்பி அதைத் தேடியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு மனம் மிகவும் வருந்தியது. கலைச்சொல் தவறினால் புத்தகம் மட்டும் தவறுவதில்லை, கையும் தவறிப்போகும்.

சரி, ‘இதழ்’ என்று முடியும் சொற்கள்? மடிந்து திறக்கும் மெல்லிய பகுதி உள்ளவற்றுக்கு அது அழகான சொல். ஆனால் பால் வால்வுக்குள் இருப்பது ஓட்டை போட்ட உருண்டை. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஓட்டை குழாய்க்கு நேராக வரும், இன்னொரு கால் சுற்றில் குறுக்காகிவிடும். அதில் இதழ் எங்கே இருக்கிறது?

என் முன்மொழிவு: பொதுச்சொல்லாக ‘மடை’யை எடுப்போம்.

நீரை மறிப்பது, விடுவது, அளந்து விடுவது ஆகிய மூன்றும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. உழவர் வாயில் இன்றும் புழங்குகிறது. புதுக்கோட்டைப் பக்கம் பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் துளையிட்ட கல், அந்தத் துளையை அடைக்கும் குமிழி. குமிழியைத் தூக்கினால் நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். கீழேயுள்ள சேறோடித் துளை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். இருக்கையில் அமரும் அடைப்பு, அதைத் தூக்கும் தண்டு என்று இன்றைய வால்வின் உறுப்புகள் அதில் உண்டு. பொருளை நாம் ஆண்டிருக்கிறோம். சொல்லுக்கு ஏன் அலைய வேண்டும்?

அடைக்கும் உறுப்பை முன்னொட்டாக வைத்தால் வகைகள் எளிதாகப் பிரியும். கேட் வால்வு பலகைமடை, பால் வால்வு பந்துமடை, பட்டர்ஃபிளை வால்வு தட்டுமடை. பட்டாம்பூச்சியை இழுத்துவர வேண்டாம். குழாயின் நடுவே ஒரு வட்டத்தட்டு அச்சில் திரும்புகிறது, அவ்வளவுதான். திறந்திருக்கும்போதும் தட்டு ஓட்டத்தின் நடுவில்தான் நிற்கும் என்பதை மாணவனுக்கு அந்தப் பெயரே சொல்லிவிடும். ஊசிமடை, மிதவைமடை, அடிமடை ஆகியவற்றுக்கு விளக்கமே தேவைப்படாது. உங்கள் மூவழி வால்வு ‘மடைமாற்றி’. மடைமாற்றம் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்! என்.ஆர்.வி.க்கு மட்டும் ‘ஓரதர்மடை’ இருக்கட்டும்.

கையேட்டில் இரண்டு எச்சரிக்கைகளை மறக்காமல் சேருங்கள். பலகைமடையைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கக் கூடாது. இடுக்கில் பாயும் வேகத்தில் பலகை அதிரும், இருக்கை அரிபடும், பிறகு மூடினாலும் ஒழுகும். மற்றது, பந்துமடை சட்டென்று மூடக்கூடியது என்பதால் நீளமான குழாயில் அதுவே ஆபத்து. இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினால் ஏறக்குறைய 100 மீட்டர் உயர நீரின் அழுத்தம் கூடுதலாக எழும். பெரிய குழாய்களில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி மூடச் சொல்வது இதனால்தான்.

* * *

ஐயா, வணக்கம்.

மடை நீருக்குப் பொருந்துகிறது. ஆனால் நான் மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்பவள். ‘இதய மடை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இதயத்திலுள்ள நான்கும் ஒருவழிதான், இதழ் உள்ளவைதான். ஈரிதழ், மூவிதழ் என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். 1603இல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை விவரித்த ஃபாப்ரிசியஸ் அவற்றைச் ‘சிறு கதவுகள்’ என்றுதான் குறித்தார். வால்வு என்ற சொல்லின் இலத்தீன் மூலமும் கதவின் மடலைக் குறிப்பதே. அப்படியானால் ‘கதவம்’ பொதுச்சொல்லாகக் கூடாதா? வளிக்கும் நீராவிக்கும் மடை ஒத்துவருமா என்பதும் என் ஐயம்.

* * *

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். இதயத்தை இதழிடமே விட்டுவிடுகிறேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல்தான் வர வேண்டும் என்று நாம் ஏன் நம்மைக் கட்டிப்போட வேண்டும்? 1904இல் ஃபிளெமிங் தம் மின்னணுக் குழலுக்கு வால்வு என்று பெயரிட்டதும் மின்னோட்டம் ஒரு பக்கமாகப் போவதால்தான்; அங்கே ஓரதர் கச்சிதமாக அமரும்.

கதவம் நல்ல சொல். ஆனால் கேட் வால்வுக்கு வரும்போது ‘வாயிற்கதவம்’ ஆகி வீட்டு வாசலை நினைவூட்டுகிறது. நீராவியைப் பொறுத்தவரை, மடை என்பதை ‘பாய்வதை ஆள்வது’ என்று விரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கொதிகலனில் அழுத்தம் மீறும்போது தானே திறக்கும் சேஃப்டி வால்வைக் ‘காப்புமடை’ என்றால் இடறவில்லையே.

* * *

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பலகைமடை, அதாவது கேட் வால்வு’ என்று போட்டுவிட்டு, பிறகு மடையே எழுதுகிறேன். கடையில் கேட்கவும் பெயர் தெரிய வேண்டுமல்லவா.

ஒன்று பாக்கி இருக்கிறது. குளோப் வால்வை ‘உருண்டைமடை’ என்றால் பந்துமடையோடு குழம்பும். அதில் உருண்டையாக இருப்பது வெளிக்கூடுதான். உள்ளே ஒரு வட்டு இருக்கைமேல் இறங்குகிறது, நீர் வளைந்து ஏறிப் போகிறது. ‘திருகுமடை’ எனலாமென்றால் கேட் வால்வையும் திருகித்தான் திறக்கிறோம். ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் ‘மட்டுமடை’ என்று குறித்து வைத்திருக்கிறேன்; மட்டு என்றால் அளவு. ‘மட்டும்’ என்ற சொல்லோடு மயங்குமா?